ஆறெழுத்து வந்துவிட்டது, டிக்கெட் வந்ததா?

மாமா ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தார். பச்சை வட்டத்துக்குள் வெள்ளை டிக் குறி, அதன் கீழே "நன்றி! உங்கள் பயணம் முன்பதிவாகிவிட்டது", அதற்கும் கீழே ஆறெழுத்தில் ஒரு பி.என்.ஆர். "உன்னைக் கேக்காம நானே போட்டுட்டேன் பாத்தியா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு. "டிக்கெட் நம்பர் எங்கே மாமா?" என்று கேட்டேன். "அதான் கீழேயே இருக்கே" என்றார். சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் இதற்குமேல் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. பயண நாளன்று கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "புக்கிங் இருக்கு சார், டிக்கெட் இல்லை" என்றாராம். அங்கேயே நின்று இன்னொரு டிக்கெட் வாங்கித்தான் மாமா ஏறினார். முதலில் கட்டிய பணம் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது.

நான் ஒரு டிராவல் ஏஜென்சியில் பதினோரு வருடம் டிக்கெட் அடித்தவள். அமேடியஸ் என்ற கணினி அமைப்பில்தான் வேலை. மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். பயணியின் பெயர், விமானம், போன் நம்பர் எல்லாம் போட்டு 'ஈ.ஆர்.' என்று அடித்தால் ஆறெழுத்து வரும். அது பி.என்.ஆர்., அதாவது இடம் பிடித்து வைத்ததற்கான குறிப்பு. பணம் கட்டியபின் 'டி.டி.பி.' என்று அடித்தால்தான் 13 இலக்க எண்ணோடு டிக்கெட் பிறக்கும். இரண்டும் வேறு வேறு வேலைகள். முதலாவது முடிந்து இரண்டாவது நடக்காமல் நின்றுபோன கேஸ்கள் எங்கள் மேசைக்குத் தினமும் வரும். இன்றைக்கு இணையதளம் இந்த இரண்டையும் ஒரே பட்டனுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறது. ஆனால் உள்ளே நடப்பது அதேதான். நடுவில் எங்காவது சிக்கினால் உங்கள் கண்ணுக்குத் தெரிவது பச்சை டிக் மட்டும்தான்.

இப்போது வேலையை விட்டாகிவிட்டது. சொந்தக்காரர்கள் விடவில்லை. எல்லோருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுப்பதும், அவர்களே போட்டுச் சிக்கிக்கொண்டால் அவிழ்ப்பதும் என் வேலை. அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்த 13 இலக்கம்

மின்-டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு. 098 என்றால் ஏர் இந்தியா, 176 எமிரேட்ஸ், 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 157 கத்தார் ஏர்வேஸ், 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ். மீதி 10 இலக்கம் உங்கள் டிக்கெட்டுக்கே உரியது. 2008 ஜூன் 1 முதல் விமான நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐயாட்டா காகித டிக்கெட்டுகளை நிறுத்திவிட்டது. அதன்பிறகு டிக்கெட் என்பது விமான நிறுவனத்தின் சர்வரில் இருக்கிற ஒரு பதிவு. கையில் இருக்கிற பி.டி.எஃப். அந்தப் பதிவைப் பற்றிய கடிதம், அவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவற்றில் டிக்கெட் எண் என்ற ஏற்பாடே கிடையாது, பி.என்.ஆர்.தான் எல்லாம். அங்கே நிலை 'கன்ஃபர்ம்ட்' என்றும், கட்ட வேண்டிய பாக்கி பூஜ்யம் என்றும் காட்ட வேண்டும். 'பெண்டிங்', 'ஆன் ஹோல்ட்' என்று இருந்தால் இன்னும் முடியவில்லை.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? பணம் கட்டிய தளத்தில் பார்த்துப் பயனில்லை. விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் 'மேனேஜ் புக்கிங்' பகுதிக்குப் போய், பி.என்.ஆரையும் குடும்பப் பெயரையும் கொடுத்துப் பாருங்கள். ஏஜென்சி தளத்தில் வாங்கியிருந்தால் மெயிலில் இரண்டு மூன்று எண்கள் இருக்கும். ஒன்று ஏஜென்சியின் ஆர்டர் எண், இன்னொன்று அவர்கள் பயன்படுத்தும் கணினி அமைப்பின் எண், மூன்றாவதுதான் விமான நிறுவனத்தின் பி.என்.ஆர். முதலிரண்டைப் போட்டால் விமான நிறுவனத்தின் தளம் "அப்படி ஒரு புக்கிங் இல்லை" என்று சொல்லும். சித்தி ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மெயிலில் 'ஏர்லைன் ரெஃபரன்ஸ்' என்று எழுதியிருப்பதை எடுத்துப் போட்டேன், அவள் பெயர் அங்கே இருந்தது.

எந்தத் தளத்தில் வாங்குவது

மூன்று வகை இருக்கிறது. விலைகளை ஒப்பிட்டுக் காட்டிவிட்டு வேறு தளத்துக்கு அனுப்பிவிடும் தேடல் தளங்கள், தாங்களே பணம் வாங்கிக்கொண்டு விற்கும் ஏஜென்சி தளங்கள், விமான நிறுவனத்தின் சொந்தத் தளம். கூகுள் ஃபிளைட்ஸ் முதல் வகை. ஐ.டி.ஏ. சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தை 70 கோடி டாலருக்கு 2011இல் கூகுள் வாங்கி முடித்தது, அந்த அடித்தளத்தின் மேல் எழுந்ததுதான் இது.

தேடுவது முதல் வகையில், வாங்குவது மூன்றாம் வகையில். இது என் பழக்கம். ஏஜென்சி தளத்தில் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம், நானே அந்தத் தொழிலில் சோறு தின்றவள்தான். ஆனாலும் நேரம் மாறும்போதோ ரத்தாகும்போதோ விமான நிறுவனம் "ஏஜென்சியைக் கேளுங்கள்" என்னும், ஏஜென்சி "நிறுவனத்தைக் கேட்கிறோம்" என்னும். அந்த இழுபறியில் நீங்கள் படும் பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. வித்தியாசம் பெரிதாக இருந்து, பயணத் தேதி மாறவே மாறாது என்றால் மட்டும் ஏஜென்சி.

இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டி ஒரே பயணம்போலக் காட்டும் தளங்களும் இருக்கின்றன. விலை கண்ணைப் பறிக்கும். 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று சின்ன எழுத்தில் எங்காவது எழுதியிருக்கும். அதன் பொருள் இதுதான்: நடுவழியில் லக்கேஜை நீங்களே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், அதற்காக அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள்மேல் எந்தக் கடமையும் இல்லை. ஒரே டிக்கெட்டில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது அவர்கள் பொறுப்பு.

தேடும்போது

தேதியில்தான் எல்லோரும் விழுவார்கள். விமானம் 15ஆம் தேதி 00:20க்கு என்றால் நீங்கள் 14ஆம் தேதி ராத்திரி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி போய் நின்றவர்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். படித்தவர், பல முறை பறந்தவர் என்ற பேதமெல்லாம் இதில் இல்லை. எந்தத் தளமும் இதை எச்சரித்து நான் பார்த்ததில்லை. அதனால் நள்ளிரவு தாண்டிய விமானம் என்றால் என் சொந்தக்காரர்களுக்கு டிக்கெட்டோடு ஒரு வரியும் அனுப்புவேன்: "14, வியாழன், ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு." இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' என்று குட்டியாக இருந்தால் மறுநாள் போய்ச் சேருகிறீர்கள் என்று அர்த்தம். டிக்கெட்டில் உள்ள எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். பயண நேரத்தைக் கழித்துப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

03/04 என்று கட்டத்துக்குள் தட்டாதீர்கள். அது ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம், மார்ச் 4 ஆகவும் இருக்கலாம், தளம் எந்த நாட்டுக்காரர் செய்தது என்பதைப் பொறுத்தது. காலண்டரைத் திறந்து, கிழமையையும் சேர்த்துப் பார்த்துத் தொடுங்கள்.

ஊர்ப் பெயரைத் தட்டும்போது பட்டியலில் முதலில் வருவதை அப்படியே எடுக்கவேண்டாம். சிட்னி ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது, கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியச் சிட்னியின் குறியீடு எஸ்.ஒய்.டி., கனடாவினது ஒய்.க்யூ.ஒய். சான் ஹோசே கோஸ்டாரிகாவின் தலைநகர், அதே எழுத்துக்களில் கலிஃபோர்னியாவிலும் ஒன்று உண்டு. ஒரே ஊருக்குள்ளேயும் சிக்கல்தான். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறச்சொல்லும் கனெக்‌ஷன் வரும், டோக்கியோவில் நரிதாவில் இறக்கி ஹனேடாவில் ஏறச்சொல்லும். இரண்டு மணி நேர இடைவெளி என்று பார்த்து நிம்மதியடைந்தால் போச்சு. மூன்றெழுத்துக் குறியீடு, இறங்கும் இடத்திலும் ஏறும் இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விலை ஏறுவது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதைச் சுற்றித்தான் எவ்வளவு கட்டுக்கதை! எகானமி இருக்கைகள் எல்லாம் ஒரே விலையில் இல்லை. ஒவ்வொரு விமானத்திலும் அவற்றை ஆங்கில எழுத்துக்களாகப் பிரித்துவைத்திருப்பார்கள். என் பழைய திரையில் 'ஒய்9 பி9 எம்4 கே2 க்யூ0' என்று ஒரு வரி வரும். க்யூ விலையில் இடம் தீர்ந்தது, எம்மைவிட மலிவான கே விலையில் 2 இருக்கிறது, எம் விலையில் 4. ஒன்பதுக்குமேல் எத்தனை இருந்தாலும் 9 என்றுதான் காட்டும். இப்போது நீங்கள் நான்கு பேருக்குத் தேடினால் தளம் என்ன செய்யும்? இரண்டு பேருக்கு கே விலை, இரண்டு பேருக்கு எம் விலை என்று பொதுவாகப் பிரிக்காது. நான்கு பேருக்கும் சேர்த்து இடம் இருக்கிற எம் விலையைப் போட்டுவிடும். அதனால் நான்கு பேர் போவதாக இருந்தாலும் முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், அப்புறம் இருவருக்கு, மூவருக்கு. எந்த எண்ணில் தலைக்கான விலை தாவுகிறதோ அங்கே மலிவு இடம் முடிகிறது. இரண்டு இரண்டாகப் பிரித்து வாங்கினால் மிச்சமாகலாம். ஆனால் பி.என்.ஆர். இரண்டாகிவிடும். விமானம் ரத்தானால் இரண்டு பி.என்.ஆர்.களையும் வேறு வேறு விமானத்தில் போட வாய்ப்பிருக்கிறது. குழந்தைகளும் வயதானவர்களும் கூட இருந்தால் நான் பிரிக்கவே மாட்டேன்.

"ரெண்டாவது தடவை தேடினதும் விலை ஏறிடுச்சு, நம்மள கவனிக்கிறாங்க" என்று மைத்துனர் அடித்துச் சொல்வார். இரண்டு போன், ஒரு லேப்டாப், தேடியதை நினைவில் வைக்காத இன்காக்னிட்டோ ஜன்னல் எல்லாம் வைத்து அவர் முன்னாலேயே சோதித்துக் காட்டினேன். மூன்றிலும் ஒரே விலை. அவர் இன்னும் நம்பவில்லை. பெரும்பாலும் நடப்பது இது: தேடல் பட்டியலில் வருவது சற்றுமுன் சேமித்துவைத்த விலை. நீங்கள் ஒன்றைத் தொட்டதும்தான் நிறுவனத்தின் கணினியிடம் "இப்போது இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். அதற்குள் யாராவது அந்த கே இருக்கையை எடுத்திருப்பார்கள். இன்காக்னிட்டோ வேறு விதத்தில் உதவும். ஒரே தளத்தை மூன்று டேப்களில் திறந்து மூன்று தேதி தேடுகிறவர்கள் உண்டு. சில தளங்களில் கடைசியாகத் தேடியது முதல் டேபுக்குள் புகுந்துவிடும், ஒரு தேதியைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தேதிக்குப் பணம் கட்டுவீர்கள். ஒப்பிடுவதை முடித்துவிட்டு, எல்லாவற்றையும் மூடி, புதிதாக ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வாங்குங்கள்.

பெயர்

அத்தைக்கு டிக்கெட் போட்டபோது அத்தையின் பிறந்த தேதி, அத்தையின் பாஸ்போர்ட் எண், என் பெயர் என்று அச்சாகி வந்தது. கட்டங்களைத் தானாக நிரப்பும் பிரவுசர் ஆட்டோஃபில் செய்த கைங்கரியம். நான் அவருடைய பெயரைத் தட்டிவிட்டேன், அடுத்த கட்டத்தில் என் மெயிலை எடுத்துக்கொள் என்று தொட்டதும் அது மேலேயிருந்த பெயரையும் சேர்த்து மாற்றிவிட்டது. பதினோரு வருட அனுபவம் எங்கே போனது என்று அத்தை கேட்கவில்லை, அதுவே பெரிய தண்டனை. ஓரிரு எழுத்துப் பிழையைப் பல நிறுவனங்கள் திருத்திக் கொடுக்கும். ஆளே மாறினால் பெரும்பாலும் ரத்துசெய்து புதிதாக வாங்க வேண்டியதுதான். டிக்கெட் போடும் நேரத்துக்கு ஆட்டோஃபில்லை அணைத்துவையுங்கள். பணம் கட்டும் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் பெயரை எழுத்தெழுத்தாக, முடிந்தால் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து வாய்விட்டுப் படியுங்கள்.

எந்தப் பெயரை எழுதுவது என்றால், பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதைப் பாருங்கள். வரிக்கு 44 எழுத்து. முதல் வரியில் நாட்டின் குறியீட்டுக்குப் பிறகு குடும்பப் பெயர், அப்புறம் இரண்டு அம்புக்குறி, அப்புறம் இயற்பெயர். விமான நிலைய இயந்திரம் படிப்பது இதைத்தான், தளத்திலும் இதே பிரிவில் நிரப்புங்கள்.

குடும்பப் பெயர்க் கட்டம் பாஸ்போர்ட்டில் காலியாக இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். தளமோ அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் விடாது. அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்லும் நிறுவனம் இருக்கிறது, வேறு ஏதோ எழுத்துக்களைப் போடச் சொல்லும் நிறுவனமும் இருக்கிறது. ஒன்றுக்குச் சரியானது இன்னொன்றுக்குத் தவறு. அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இதற்கென்று இருக்கும் குறிப்பைத் தேடிப் படித்துவிட்டு நிரப்புங்கள்.

டிக்கெட் வந்தபிறகு பெயரின் வாலில் 'எம்.ஆர்.' அல்லது 'எம்.எஸ்.' ஒட்டிக்கொண்டு, பெயரே வேறு மாதிரித் தெரிந்தால் பயப்படவேண்டாம். இந்த முன்பதிவுக் கணினி அமைப்புகளின் மூதாதை அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து 1960களில் ஓடவிட்ட சேபர். பெரிய எழுத்து மட்டும், இடைவெளி இல்லை, புள்ளி இல்லை என்ற அந்தக் காலத்துச் சிக்கனம் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே பூசியிருக்கும் வண்ணம்தான் புதுசு.

கைக்குழந்தைக்கு ஒரு குறிப்பு. இரண்டு வயது நிறையாதவர்களுக்குத்தான் மடியில் உட்காரும் டிக்கெட். போகும்போது ஒன்றே முக்கால், திரும்பும்போது இரண்டு முடிந்துவிடும் என்றால் திரும்புவதற்குத் தனி இருக்கை வேண்டும். இதைச் சமாளிக்கத் தெரியாத தளங்கள் "தகவல் தவறு" என்று மட்டும் சொல்லி நிற்கும். சண்டை போடாமல் போனில் கூப்பிட்டுப் போட்டுவிடுங்கள்.

நடுவில் வரும் கடைத்தெரு

பெயர் முடிந்து பணம் கட்டும் இடம் வருவதற்குள் இருக்கை, சாப்பாடு, லக்கேஜ், காப்பீடு, ஹோட்டல், கார் என்று ஒரு சந்தையைக் கடக்க வேண்டும். அயர்லாந்தின் மலிவுக் கட்டண நிறுவனமான ரயன்ஏரின் தளத்தில் ஒரு காலத்தில் 'எனக்குக் காப்பீடு வேண்டாம்' என்ற தேர்வு எங்கே இருந்தது தெரியுமா? நாடுகளின் பட்டியலுக்குள், டென்மார்க்குக்கும் பின்லாந்துக்கும் நடுவில், ஆங்கில அகரவரிசைப்படி! ஐரோப்பிய ஒன்றியத்தின் 1008/2008 விதிப்படி வரி, கட்டணம் எல்லாம் சேர்த்த இறுதி விலையை முதலிலிருந்தே காட்ட வேண்டும், கூடுதல் சேவைகளைப் பயணிதான் டிக் செய்ய வேண்டும், தளமே டிக் போட்டு வைக்கக்கூடாது. அமெரிக்காவிலும் 2012 முதல் முழு விலையைத்தான் விளம்பரப்படுத்த வேண்டும். மற்ற இடங்களில் உங்கள் கண்தான் காவல்.

இருக்கைப் படம் வந்ததும் கட்டாயம் என்று நினைத்துவிடாதீர்கள். 'வேண்டாம், தொடர்க' என்பது சாம்பல் நிறத்தில் ஓரமாக இருக்கும், 'சேர்' என்பது பெரிதாகப் பளிச்சென்று இருக்கும். லக்கேஜ் மட்டும் நேர்மாறு. அது தேவை என்றால் இங்கேயே வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் வாங்கினால் பொதுவாக விலை அதிகம். மலிவு கட்டணங்களில் சிலவற்றில் இருக்கைக்கு அடியில் வைக்கும் சின்னப் பை மட்டும்தான் இலவசம், மேலே வைக்கும் பெட்டிக்கே காசு. விற்கும் நிறுவனம் ஒன்று, பறக்கும் நிறுவனம் வேறு என்றால் 'ஆபரேட்டட் பை' என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் செக்-இன் செய்யவேண்டியது பறக்கும் நிறுவனத்திடம்.

பணம் கட்டும் அந்த மூன்று நிமிடம்

கார்டு, போன், சார்ஜ், நல்ல இணைப்பு எல்லாம் தயாராக இருந்தால்தான் இந்தப் பக்கத்துக்கு வாருங்கள். ஓ.டி.பி. வரும் சிம் வேறு போனில் சமையலறையில் கிடந்தால் நேரம் தீர்ந்துவிடும். தளம் உங்களுக்கு இருக்கையைக் கொஞ்ச நிமிடம்தான் பிடித்துவைக்கும்.

சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பணம் போய்விட்டதாக வங்கியிலிருந்து மெசேஜ் வந்துவிட்டது, தளம் "ஏதோ தவறு நேர்ந்தது" என்கிறது. இந்த இடத்தில் கை பரபரக்கும். பின்னால் போகும் பட்டனையும் தொடாதீர்கள், ரெஃப்ரெஷும் செய்யாதீர்கள், உடனே இன்னொரு முறை வாங்கவும் வேண்டாம். வங்கி அனுப்பும் முதல் மெசேஜ் பெரும்பாலும் பணத்தை ஒதுக்கிவைத்ததற்கானது. டிக்கெட் அடிக்கப்படாவிட்டால் அந்த ஒதுக்கீடு சில நாட்களில் தானாகக் கழன்றுவிடும். முதலில் மெயிலையும் ஸ்பாமையும் பாருங்கள். பி.என்.ஆர். கண்ணில் பட்டிருந்தால் நிறுவனத்தின் 'மேனேஜ் புக்கிங்'கில் போட்டுப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் அரை மணி நேரம் பொறுங்கள், அப்புறம் அவர்களுக்குப் போன் செய்து பெயரும் விமான எண்ணும் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

அவசரப்பட்டு இரண்டாவதும் வாங்கினால் பணம் இரண்டு முறை போவது மட்டுமல்ல வம்பு. ஒரே பெயர், ஒரே விமானம், ஒரே தேதி என்று இரண்டு புக்கிங் இருந்தால் அதைத் தேடிப் பிடித்து ரத்துசெய்யும் மென்பொருளைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. எதை ரத்துசெய்யும் என்பது உங்கள் கையில் இல்லை.

கடைசிப் பக்கத்தில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?" என்று தளம் அன்பாகக் கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவர்கள் போடும் மாற்று விகிதத்தில் அவர்களுடைய பங்கும் இருக்கும். கடன் அட்டை இருந்தால் அதிலேயே கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க அதில் வழி இருக்கிறது. கார்டு விவரத்தைத் தளத்தில் சேமித்துவைப்பது மட்டும் கூடாது. சேமிக்காவிட்டாலும் ஆபத்து உண்டு. 2018 ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸின் அசல் தளத்திலேயே, அசல் பணம் கட்டும் பக்கத்திலேயே, தட்டிய கார்டு எண்கள் திருடர்களுக்கும் போய்க்கொண்டிருந்தன. அதற்காக 2020இல் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தார்கள். முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் அப்போதும் இருந்திருக்கும். அதனால்தான் செலவு வரம்பு குறைவான ஒரு கார்டை இதற்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

வாங்கியபிறகு

முதல் நாளே எல்லாவற்றையும் திறந்து படியுங்கள். அமெரிக்காவுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற விமானங்களுக்கு, புறப்பட 7 நாளாவது இருக்கும்போது நிறுவனத்திடமே நேரடியாக வாங்கியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்துசெய்யலாம், அல்லது பணம் கட்டாமல் 24 மணி நேரம் விலையை நிறுத்திவைக்க விட வேண்டும். நிறுவனம் இரண்டில் ஒன்றைத் தந்தாக வேண்டும். வேறு இடங்களில் விதி வேறு. தவறை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறீர்களோ அவ்வளவு மலிவாகத் தீரும் என்பது எங்கேயும் பொது.

பக்கங்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைக்கும் என் பழக்கத்தைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள். ஏர் கனடாவின் சாட்பாட், அதாவது தளத்தில் தானாகப் பதில் சொல்லும் நிரல், ஒரு பயணியிடம், குடும்பத்தில் துக்கம் நேர்ந்தால் தரும் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்கலாம் என்று சொல்லிவிட்டது. நிறுவனத்தின் விதியோ நேர்மாறு. விஷயம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிற மாதிரி நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பு பயணி பக்கம் வந்தது. அவர் கையில் இருந்தது அந்த உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட்.

விமானம் இன்னும் இருக்கிறதா என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் 2022இல், தானே ரத்துசெய்ய முடிவெடுத்துவிட்ட விமானங்களுக்கும் தளத்தில் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டு, 2024இல் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதத்தில் முடிந்தது. நேரம் மாறினால் மெயில் வரும் என்று நம்பி உட்காராதீர்கள். ஏஜென்சியில் வாங்கினால் அந்த மெயில் ஏஜென்சிக்குப் போய் அங்கேயே தூங்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கடைசி வாரத்தில் தினமும், 'மேனேஜ் புக்கிங்'கைத் திறந்து பார்க்கிறேன். புதிய நேரம் ஒத்துவராவிட்டால் 'ஏற்கிறேன்' பட்டனை அழுத்தாமல் போன் செய்யுங்கள். அழுத்திவிட்டால் ரீஃபண்டோ வேறு விமானமோ கேட்கும் உரிமை கையைவிட்டுப் போகலாம்.

அந்த போன் எண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். தேடல் பக்கத்தில் முதலில் வரும் 'கஸ்டமர் கேர்' எண்ணைக் கூப்பிடாதீர்கள். நிறுவனத்தைத் திட்டிச் சமூக வலைத்தளத்தில் எழுதினால் ஐந்து நிமிடத்தில் "உங்கள் எண்ணைக் கொடுங்கள், தீர்த்துவைக்கிறோம்" என்று ஒருவர் லோகோவோடு வருவார். அவரும் திருடராக இருக்கலாம். எண் நிறுவனத்தின் தளத்திலிருந்தோ டிக்கெட் மெயிலிலிருந்தோ மட்டும். எந்த நிறுவனமும் ரீஃபண்ட் கொடுக்க உங்களிடம் ஓ.டி.பி. கேட்காது.

பி.என்.ஆரும் குடும்பப் பெயரும் சேர்ந்தால் அதுதான் சாவி, வேறு பாஸ்வேர்டு கிடையாது. ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபட் 2020இல் தன் போர்டிங் பாஸ் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த எண்ணை வைத்துத் தளத்துக்குள் போன ஒருவர், பக்கத்தின் மூல நிரலுக்குள் அவருடைய பாஸ்போர்ட் எண்ணும் போன் நம்பரும் கிடப்பதைக் கண்டுபிடித்தார். நல்லவேளை, திருடும் எண்ணம் இல்லாதவர், உரியவர்களிடம் சொல்லிவிட்டார். விமான நிலையத்தில் போட்டோ எடுங்கள், காபிக் கோப்பையோடு எடுங்கள். போர்டிங் பாஸ் பைக்குள் இருக்கட்டும்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. போவது, வருவது இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருந்து, போகும் விமானத்தில் ஏறாமல் விட்டால் பெரும்பாலும் மீதி எல்லாமே தானாக ரத்தாகிவிடும். "போறதுக்குத்தானே வரலை, திரும்பும்போது ஏறிக்கிறேன்" என்று தளத்தில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடாதீர்கள். முன்கூட்டியே பேசினால் சில சமயம் காப்பாற்றலாம்.

போன வாரம் மாமா மறுபடி ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். இந்த முறை பச்சை டிக் இல்லை. 'மேனேஜ் புக்கிங்' பக்கம், அதில் ஒரு 13 இலக்க எண், அதைச் சுற்றிச் சிவப்பில் அவரே போட்ட வட்டம். விமானம் 00:40க்கு. "முதல் நாள் ராத்திரிதானே?" என்று கீழே கேட்டிருந்தார்.